ஆன்லைன் அவதூறு கேஸ்: போட்டவங்களுக்கும் பாதிக்கப்பட்டவங்களுக்கும் காரைக்குடியில இருந்து ஒரு முழு வழிகாட்டி

போன ஐப்பசி முகூர்த்த நேரத்துல ஒரு நாள் காலையில ஆபீஸைத் திறந்து கூட்டிட்டு இருக்கேன், ஒரு ஆச்சி மஞ்சப்பையில செல்போனைச் சுத்தி எடுத்துக்கிட்டு வந்து வாசப்படியிலயே உக்காந்துட்டாங்க. கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் குடுக்குறவங்க. மாவுருண்டை, மணகோலம், சீப்பு சீடை, கைமுறுக்குன்னு டின் டின்னா வெளியூருக்குப் போகும். ஒரு வாட்ஸ்அப் குரூப்ல யாரோ வாய்ஸ் நோட் போட்டிருக்காங்க, "அவுக வீட்டுப் பலகாரம் வாங்காதீக, பழைய எண்ணெயவே திரும்பத் திரும்பக் காச்சுறாக, சாப்பிட்ட புள்ளைகளுக்கெல்லாம் வயித்தால போச்சு"ன்னு. ஒரு நிமிஷம் கூட இருக்காது. சாயங்காலத்துக்குள்ள 3 ஆர்டர் கேன்சல். "தம்பி, எண்ணெய் டின் வாங்குன பில்லு அம்புட்டும் வச்சிருக்கேன், யாருகிட்டக் கொண்டு போயி காட்டுறது?"ன்னு கேட்டாங்க, எனக்குப் பதில் வரல.

நான் வக்கீல் இல்லைங்க, வக்கீல் ஆபீஸ்ல 17 வருஷமா குமாஸ்தா. மனு டைப் பண்றது, ஃபைல் பண்றது, வாய்தா தேதி குறிக்கிறது எல்லாம் என் வேலை. முன்னாடி எல்லாம் அவதூறு கேஸ்னா அரசியல்வாதி, பத்திரிகைக்காரங்க சமாச்சாரம்னு இருந்துச்சு. இப்ப பங்காளி குரூப்பு, பேரன்ட்ஸ் குரூப்பு, தெரு குரூப்பு, கூகுள் ரிவ்யூன்னு எல்லார் வீட்டுக்கும் வந்துருச்சு. போட்டவங்களும் அழுதுக்கிட்டு வர்றாங்க, பாதிக்கப்பட்டவங்களும் அழுதுக்கிட்டு வர்றாங்க, ரெண்டு பேருக்குமே சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரியல. அதனாலதான் உக்காந்து இதை எழுதுறேன். உங்க கேஸுக்குன்னு வரும்போது கண்டிப்பா ஒரு வக்கீலைப் பாருங்க, ஆனா பாக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போங்க.

முதல்ல, எது அவதூறு

1860-ல வெள்ளைக்காரன் போட்ட இந்திய தண்டனைச் சட்டத்துல செக்‌ஷன் 499, 500. இப்ப அது பாரதிய நியாய சன்ஹிதாவுல 356. 2024 ஜூலை 1-ம் தேதியில இருந்து புதுசு அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி போட்ட போஸ்ட்டுன்னா பழைய 499, 500 தான் பேசும். தண்டனை ரெண்டு வருஷம் வரைக்கும் வெறுங்காவல், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். புதுச் சட்டத்துல சமூக சேவைன்னு இன்னொரு வழியும் சேர்த்திருக்காங்க.

2016 மே மாசம் சுப்ரீம் கோர்ட்ல சுப்பிரமணியன் சுவாமி கேஸ்ல, இதை கிரிமினல் குத்தமா வச்சிருக்கிறதே தப்பு, பேச்சு சுதந்திரத்துக்கு விரோதம்னு வாதாடுனாங்க, கோர்ட் ஒத்துக்கல, ஒரு மனுஷனோட நல்ல பேரும் அவனோட வாழ்வுரிமையில ஒரு பகுதிதான்னு சொல்லி சட்டத்தை அப்படியே விட்டுட்டாங்க. நிறைய பேர் "அதான் 66ஏ-வை ரத்து பண்ணிட்டாங்களே, இனிமே ஆன்லைன்ல என்ன வேணா எழுதலாம்"ன்னு சொல்றாங்க. ஆன்லைன்ல புண்படுத்துற மாதிரி மெசேஜ் போட்டா தண்டிக்கிறதுக்கு ஐடி சட்டத்துல இருந்த அந்த 66ஏ-வை 2015 மார்ச் 24-ம் தேதி ஷ்ரேயா சிங்கல் கேஸ்ல ரத்து பண்ணது உண்மைதான், ஆனா அவதூறு செக்‌ஷன் அது பாட்டுக்கு இருக்கு, ஆன்லைனுக்கும் அதே செக்‌ஷன்தான்.

அவதூறு ஆகணும்னா நாலு சங்கதி சேரணும். ஒண்ணு, ஏதாவது ஒரு வகையில சொல்லியிருக்கணும்: எழுத்து, வாய்ஸ், மீம், படம், ஸ்டேட்டஸ் எதுவா இருந்தாலும் சரி. ரெண்டு, அது சம்பந்தப்பட்ட ஆளைத் தவிர மூணாவது ஒருத்தருக்காவது போயிருக்கணும், அவருக்கே தனியா மெசேஜ் போட்டுத் திட்டுனா அது அவதூறு ஆகாது (மிரட்டல், ஆபாசம்னா வேற செக்‌ஷன் வரும், அது தனிக்கதை). மூணு, யாரைச் சொல்றீங்கன்னு தெரியணும். இங்கதான் நம்ம ஆளுங்க ஏமாந்து போறாங்க, பேரைப் போடலயேன்னு. "கீழத்தெருவுல ரெட்டை வாசப்படி வீடு, மூத்த மகன் சிங்கப்பூர்ல இருக்கான்"னு எழுதுனா ஊர்ல அத்தனை பேருக்கும் யாருன்னு தெரியும், அது போதும். நாலு, அந்தப் பேச்சால பேர் கெடும்னு தெரிஞ்சோ, கெடணும்னே நினைச்சோ, கெடும்னு நம்பக் காரணம் இருந்தோ சொல்லியிருக்கணும்.

பேர் கெடுறதுன்னா சட்டத்துல குணம், அறிவு, சாதி, தொழில், நாணயம் இதுல எதையாவது அடுத்தவங்க பார்வையில தாழ்த்துறது. நாணயம்ங்கிறதை நல்லாக் கவனிங்க. வட்டிக்கடை, வியாபாரம், கொடுக்கல் வாங்கல்னு வாழ்ந்த ஊரு இது, "அவன் பணம் திரும்ப வராது"ன்னு ஒரு வார்த்தை போனா அந்த வீட்டோட கதை முடிஞ்சுதுன்னு எங்க அப்பா சொல்லுவாரு.

செத்துப் போனவங்களைப் பத்திச் சொன்னாலும், அது குடும்பத்து மனசைப் புண்படுத்தணும்னு சொன்னதா இருந்தா அவதூறுதான். கம்பெனி, சங்கத்தைப் பத்திச் சொன்னாலும் வரும். நக்கலா, புகழ்ற மாதிரி, கேள்வி கேக்குற மாதிரி எழுதுனாலும் தப்பிக்க முடியாது. "இவர் மாதிரி யோக்கியன் கோயில் கணக்குப் பாத்தா உண்டியல் நெறைஞ்சுரும்"னு எழுதுனாலும் அர்த்தம் எல்லாருக்கும் புரியும், கோர்ட்டுக்கும் புரியும்.

எல்லாக் கோபமும் கேஸ் ஆகாது

"எங்க ஊரைக் கேவலமாப் பேசிட்டான், எங்க ஆளுங்களைப் பேசிட்டான், கேஸ் போடணும்"னு வாரத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க. பெரிய கூட்டத்தைப் பொதுவா ஒண்ணு சொன்னா, அதுல இருக்கிற ஒருத்தர் வந்து எனக்கு மானம் போச்சுன்னு சொல்றது கஷ்டம். 1971-ல சேலத்துல திராவிடர் கழக மாநாடு நடந்துச்சே, அதோட தீர்மானத்தை இந்து பத்திரிகை தப்பாப் போட்டுருச்சுன்னு மாநாட்டு வரவேற்புக்குழுத் தலைவர் அவதூறு கேஸ் போட்டாரு. மாநாடுங்கிறது இன்னார் இன்னார்னு அடையாளம் சொல்ற மாதிரி ஒரு கூட்டம் இல்லைன்னு 1972-ல சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளிருச்சு. குஷ்பு 2005-ல ஒரு பேட்டியில சொன்னதுக்கு தமிழ்நாடு பூரா கேஸ் மேல கேஸாப் போட்டாங்க, மொத்தம் 23. 2010 ஏப்ரல்ல அத்தனையும் ரத்து. பேட்டி யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல, கேஸ் போட்டவங்க யாருமே நேரடியாப் பாதிக்கப்பட்டவங்க இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. பாதிக்கப்பட்டவர்தான் புகார் குடுக்கணும், அதுதான் பொது விதி. சின்னப் பிள்ளை, உடம்பு முடியாதவங்க, வெளியில வந்து நிக்கிற வழக்கம் இல்லாத பெண்கள் இவங்களுக்கு மட்டும் கோர்ட் அனுமதியோட வேற ஒருத்தர் குடுக்கலாம்.

ஃபார்வர்டு பண்ணா என்ன ஆகும், அட்மின் மாட்டுவாரா

"நான் எழுதலைங்க, வந்ததை அனுப்புனேன்." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. சட்டத்துல எழுதுறது மட்டுமில்ல, பரப்புறதும் குத்தம். 2024 பிப்ரவரி 5-ம் தேதி டெல்லி ஹைகோர்ட் கெஜ்ரிவால் கேஸ்ல, அவதூறான ஒண்ணை ரீட்வீட் பண்றதும் அவதூறு ஆகும்னு சொல்லிருச்சு. அந்த விசாரணை அப்புறம் சுப்ரீம் கோர்ட்ல நின்னுச்சு, ஆனா சாதாரண மனுஷன் அதை நம்பி உக்கார முடியாது. நம்ம சென்னையிலயே, பெண் பத்திரிகையாளர்களைப் பத்தின ஒரு போஸ்டை 2018-ல ஃபேஸ்புக்ல ஷேர் பண்ண ஒரு நடிகர், முன்னாள் எம்எல்ஏ, படிக்காமலே ஷேர் பண்ணிட்டேன்னு சொல்லி அழிச்சும் பாத்தாரு, மன்னிப்பும் கேட்டாரு, கடைசியில 2024-ல ஒரு மாசம் ஜெயில் தண்டனை வந்துச்சு. அது அவதூறு செக்‌ஷன் இல்ல, பெண்களை இழிவு பண்றது சம்பந்தமான செக்‌ஷன், ஆனா "ஃபார்வர்டு பண்றதுன்னா அதை ஏத்துக்கிட்டு ஆமான்னு சொல்றதுக்குச் சமம்"ங்கிற மாதிரி சென்னை ஹைகோர்ட் அந்த விவகாரத்துல சொன்னது எல்லாருக்கும்தான்.

அட்மினைப் பத்திக் கேட்டா, வெறும் அட்மினா மட்டும் இருந்தா பயப்பட வேண்டாம். டெல்லி, பம்பாய், கேரளா ஹைகோர்ட்டுகளும், நம்ம சென்னை ஹைகோர்ட்டோட மதுரை கிளையும், அடுத்தவன் போட்டதுக்கு அட்மினைப் பொறுப்பாக்க முடியாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. மதுரை தீர்ப்பு 2021 டிசம்பர்ல வந்தது, கரூர் பக்கம் ஒரு வக்கீல் நடத்துன குரூப் சம்பந்தமா. ஆனா அட்மின் அந்தப் போஸ்டுக்குக் கை தட்டுனாலோ, திரும்பப் போட்டாலோ, "போடுங்கப்பா"ன்னு தூண்டிவிட்டாலோ கதை வேற. என்னைக் கேட்டா, சண்டை மெசேஜ் வந்தா உடனே அழிச்சுட்டு "இந்தப் பேச்சு இங்க வேண்டாம்"னு ஒரு வரி போட்டுடுங்க.

போடுறதுக்கு முன்னாடி: குறையை எங்க சொல்றது

இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் படிக்கணும்னு நினைக்கிறேன். குறையே சொல்லக் கூடாதுன்னு சட்டம் சொல்லல. 10 விதிவிலக்கு குடுத்திருக்கு. அதுல சாதாரண ஜனங்களுக்கு ரொம்ப உதவுறது எட்டாவது: யாருக்கு அந்த விஷயத்துல நடவடிக்கை எடுக்க அதிகாரம் இருக்கோ அவங்ககிட்ட நல்லெண்ணத்தோட புகார் குடுத்தா அது அவதூறு இல்ல. ஆச்சி கதையில வாய்ஸ் நோட் போட்ட அந்தம்மாவுக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்திருந்தா உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிப் போட்டிருக்கலாம், அதிகாரி வந்து சாம்பிள் எடுத்துட்டுப் போயிருப்பாரு, ஆச்சியாலயும் கேஸ் போட முடியாது. அதே வார்த்தையை 200 பேர் இருக்கிற குரூப்ல சொன்னதுதான் வினை.

முதல் விதிவிலக்கு உண்மை. ஆனா "உண்மையைத்தானே சொன்னேன்"னு சொன்னா மட்டும் கிரிமினல் கேஸ்ல போதாது, அதைச் சொன்னது பொதுநன்மைக்குன்னும் காட்டணும். ஒருத்தர் 20 வருஷத்துக்கு முன்னாடி கடன்ல ஓடிப்போனது உண்மையாவே இருக்கட்டும், இப்ப அவர் மகளுக்கு சம்பந்தம் பேசுற நேரத்துல அதைக் குரூப்ல போட்டா என்ன பொதுநன்மை? சிவில் கேஸ்ல மட்டும் உண்மைன்னு நிரூபிச்சா அதுவே போதும்.

ஒன்பதாவது, பத்தாவது விதிவிலக்கு: நம்ம நலனைக் காப்பாத்திக்கவோ, இன்னொருத்தரை எச்சரிக்கவோ நல்லெண்ணத்துல சொல்றது. பொண்ணு குடுக்கப் போற வீட்டைப் பத்தி மாமன் முறைக்காரர் ஒருத்தர் கேட்டா, தெரிஞ்சதைத் தெரிஞ்ச அளவுக்கு அவருகிட்ட மட்டும் சொல்றது இதுல வரும். நல்லெண்ணம்னா மனசுல நல்லா நினைச்சேன்னு சொல்றது இல்லைங்க, விசாரிச்சுப் பாத்து, தக்க கவனத்தோட சொன்னியான்னு கோர்ட் கேக்கும்.

அரசாங்க அதிகாரியோட பொது நடத்தை, கோர்ட் நடவடிக்கை பத்தின உள்ளது உள்ளபடி செய்தி, சினிமா, புத்தக விமர்சனம் இதுக்கெல்லாமும் தனித்தனியா இடம் இருக்கு. 1994-ல ஆட்டோ சங்கர் சுயசரிதையை நக்கீரன் போடுறது சம்பந்தமான கேஸ்ல, அதிகாரிங்க வேலை சம்பந்தமா எழுதுனதுக்கு நஷ்டஈடு கேக்கணும்னா, அது பொய்யி, உண்மையா பொய்யான்னு கவலையே படாம எழுதுனாங்கன்னு அவங்கதான் காட்டணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது இன்னைக்கும் கை குடுக்குது. அரசாங்கமே பத்திரிகைங்க மேல போட்ட அவதூறு கேஸ்கள் கொஞ்சத்தை 2020 மே மாசம் சென்னை ஹைகோர்ட் ரத்து பண்ணி, ஜனநாயகத்தோட குரல்வளையை நெரிக்க இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாதுன்னும் சொல்லுச்சு. ஆக, வார்டு ரோடு சரியில்ல, கால்வாய் நாறுதுன்னு படத்தோட போடுறதுக்கு யாரும் நடுங்க வேண்டியதில்ல. "கவுன்சிலர் இம்புட்டு லஞ்சம் வாங்கிட்டாரு"ன்னு கையில ஒரு தாளும் இல்லாம போடும்போதுதான் யோசிக்கணும்.

இப்ப ஒரு உதாரணம் பாப்போம். வீடு கட்டுற ஒரு தம்பி ஆத்தங்குடி கல்லு (தரைக்குப் போடுற டைல்ஸ்) ஆர்டர் குடுத்தாரு, வந்ததுல நிறைய விரிசல். கோபத்துல ஃபேஸ்புக்ல இப்படி எழுதி வச்சிருந்தாரு: "இவன் திருட்டுப்பய, ஊரை ஏமாத்திப் பொழைக்கிறவன், கள்ளக் கல்லு விக்கிறான், யாரும் போயிராதீங்க." நோட்டீஸ் வந்ததும் ஓடி வந்தாரு. பழைய போஸ்டை நீதிபதியும் பாக்கணும்னு பிரிண்ட் எடுத்து வச்சோம், அழிச்சோம், வக்கீல் சொன்னபடி இதை மாதிரி எழுதிப் போட்டோம்: "மார்ச் 3-ம் தேதி 400 கல் ஆர்டர் குடுத்தேன். ஏப்ரல் 10-ம் தேதி வந்ததுல 62 கல்லுல விரிசல் இருந்தது, படம் கீழே. மாத்தித் தரச் சொல்லி மூணு தடவை போன் பண்ணேன், இன்னும் மாத்தித் தரல." ரெண்டாவதுல ஒரு வசவு கூட இல்ல, ஆனா படிக்கிறவனுக்கு எல்லாம் புரிஞ்சுரும், நிரூபிக்கவும் முடியும். "எனக்குச் சாப்பாடு பிடிக்கல, காரம் அதிகம், கறி ரப்பர் மாதிரி இருந்துச்சு"ங்கிறது உங்க அனுபவம். "செத்த கோழியைப் போடுறாங்க"ங்கிறது குத்தச்சாட்டு. கருத்துக்கும் குத்தச்சாட்டுக்கும் நடுவுல இருக்கிற இந்தக் கோட்டைத் தாண்டாம இருந்தா ஹோட்டலு, ஹோம்ஸ்டே, ஆஸ்பத்திரி எதைப் பத்தியும் ரிவ்யூ எழுதலாம். நுகர்வோர் கோர்ட்டும் இருக்கு, அங்க போனா காசும் திரும்ப வரும்.

உங்களைப் பத்திப் போட்டுட்டாங்கன்னா

முதல் ஒரு மணி நேரம் பதில் எழுதாதீங்க. நீங்களும் ரெண்டு வார்த்தை கூடப் போட்டா எதிர்க்கேஸ் வந்து நிக்கும். அந்த நேரத்துல ஆதாரத்தை எடுங்க, ஆச்சி விஷயத்துல தடுக்கி விழுந்தது இந்த இடத்துலதான்.

அவங்க பேரன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தான். அதுல தெரிஞ்சது இவ்வளவுதான்: மேல குரூப் பேரு, நடுவுல ஒரு வாய்ஸ் நோட் கோடு, பக்கத்துல "பெரியத்தை கண்டனூர்"னு சேவ் பண்ண பேரு, மத்தியானம் 2:17-ன்னு டைம். தேதி இல்ல. நம்பர் இல்ல. என்ன பேசுனாங்கன்னும் இல்ல. மறுநாள் காலையில போட்டவங்க "டெலீட் ஃபார் எவ்ரிஒன்" அடிச்சுட்டாங்க, போச்சு. நல்லவேளையா அதே குரூப்ல இருந்த ஒரு அக்கா அதைச் சென்னையில இருக்கிற தங்கச்சிக்கு ஏற்கனவே ஃபார்வர்டு பண்ணியிருந்தாங்க, ஃபார்வர்டு ஆன காப்பி அழியாது, அங்க இருந்து ஆடியோ கிடைச்சுது. ஆனா அதுல யார் அனுப்புனதுன்னு இருக்காதே, குரலை வச்சும் அந்த அக்கா சாட்சியை வச்சும்தான் நிரூபிக்கணும்னு ஆயிடுச்சு.

அதனால இப்படிச் செய்யுங்க. அனுப்புனவர் பேரைத் தொட்டு நம்பர் தெரியிற பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. தேதி தெரியிற அளவுக்கு மேல தள்ளி எடுங்க. குரூப் இன்ஃபோ பக்கத்துல எத்தனை பேர் இருக்காங்கன்னு எடுங்க. இன்னொரு போனால, உங்க போன் ஸ்கிரீனை வீடியோவா எடுத்து, வாய்ஸ் நோட்டை ஓட விட்டு, மேலேயும் கீழேயும் தள்ளிக் காட்டுங்க. சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி மீடியாவோட உங்க மெயிலுக்கே அனுப்பி வைங்க. டிஸப்பியரிங் மெசேஜ் (தானா அழியிற மெசேஜ்) ஆன்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா மணிக்கணக்கு எண்ணிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஃபேஸ்புக், இன்ஸ்டா, யூடியூப்னா லிங்கைக் காப்பி பண்ணுங்க, ப்ரொஃபைல் லிங்கையும் சேர்த்து. பேரு மாறும், லிங்கு லேசுல மாறாது.

அந்தப் போனை விக்காதீங்க, ரீசெட் பண்ணாதீங்க, எக்ஸ்சேஞ்சுல போடாதீங்க. கேஸ் முடியிற வரைக்கும் அது பீரோவுல இருக்கணும். ஏன்னா எலெக்ட்ரானிக் ஆதாரத்தோட பிரிண்டு மட்டும் குடுத்தா கோர்ட் ஏத்துக்காது, சர்டிஃபிகேட் வேணும். பழைய சாட்சியச் சட்டத்துல 65பி-ன்னு சொல்லுவோம், இப்ப பாரதிய சாக்ஷிய அதினியத்துல 63. அந்த ஃபாரத்துல ரெண்டு பகுதி, ஒண்ணு போன் வச்சிருக்கிறவர் கையெழுத்து, இன்னொண்ணு நிபுணர் கையெழுத்து, ஃபைலோட ஹாஷ் நம்பரும் (ஃபைலுக்குக் கைரேகை மாதிரி) எழுதணும். சர்டிஃபிகேட் கட்டாயம்னு 2020 ஜூலையில அர்ஜுன் பண்டிட்ராவ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் உறுதியாச் சொல்லிருச்சு, போனையே கோர்ட்ல கொண்டு வந்து போன்காரரே சாட்சி சொன்னா மட்டும் தேவையில்ல. பீரோவுல வைங்கன்னு நான் கத்துறது அதுக்குத்தான்.

சாட்சியையும் அப்பவே பிடிங்க. அந்தப் போஸ்டைப் பாத்து உங்க மேல மதிப்புக் குறைஞ்சவங்க, ஆர்டரை நிறுத்துனவங்க ஒரு ரெண்டு பேராவது வேணும். ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா "நமக்கு எதுக்குப்பா வம்பு"ன்னு ஒதுங்கிருவாங்க.

போலீஸ்ல போய் எஃப்ஐஆர் போடலைன்னு சண்டை போடாதீங்க. வெறும் அவதூறு மட்டும்னா போலீஸ் நேரா கேஸ் எடுக்க முடியாத குத்தம் அது. எழுதிக் குடுத்தா சிஎஸ்ஆர்னு புகார் வாங்குனதுக்கு ஒரு ரசீது குடுப்பாங்க, வாங்கி வைங்க, அதோட சரி. சுப்பிரமணியன் சுவாமி தீர்ப்புலயே, அவதூறுக்கு எஃப்ஐஆர் கிடையாது, மாஜிஸ்திரேட்டும் போலீஸை விசாரிக்கச் சொல்லி அனுப்ப முடியாதுன்னு தெளிவா இருக்கு. ஆனா உங்க பேர்ல போலி ஐடி, போட்டோவை மார்ஃபிங் பண்றது, பெண்களை ஆபாசமா எழுதுறது, பணம் கேட்டு மிரட்டுறது இதெல்லாம் வேற. அதுக்கு ஐடி சட்டம் 66சி, 66இ, 67, நியாய சன்ஹிதாவுல 79, 351, தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் எல்லாம் இருக்கு, நேரா சிவகங்கை சைபர் கிரைம் போலீஸுக்குப் போங்க, இல்ல சைபர் கிரைம் உதவி நம்பர் 1930-க்குக் கூப்பிடுங்க. அதுல ஒரு நாள் கூடத் தாமதிக்க வேண்டாம்.

போஸ்டை எடுக்க வைக்கணும்னா 2021 ஐடி விதிப்படி பெரிய சமூக வலைதளம் ஒவ்வொண்ணுக்கும் இந்தியாவுல குறைதீர் அதிகாரி உண்டு. அவங்களுக்கு லிங்கோட எழுதிப் புகார் நம்பர் வாங்குங்க. சரிப்படலைன்னா 30 நாளைக்குள்ள குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைன்லயே போகலாம். ஆதாரம் எல்லாம் எடுத்து முடிச்சப்புறம்தான் இதைச் செய்யணும், முன்னாடியே எடுக்க வச்சுட்டா நாம எதைக் காட்டுறது.

நோட்டீஸ்ல இருந்து தீர்ப்பு வரைக்கும்

வக்கீல் நோட்டீஸ் சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா அனுப்புங்க. எதைச் சொன்னாங்க, எந்தத் தேதி, அதனால என்ன நஷ்டம், என்ன செய்யணும் (போஸ்டை எடுக்கணும், மன்னிப்பு கேக்கணும், இன்ன தொகை) எல்லாம் அதுல இருக்கணும். ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி அத்தாட்சியோட அனுப்புங்க. பாதிக்குப் பாதி விவகாரம் இங்கயே முடிஞ்சுரும், என் அனுபவத்துல.

முடியலைன்னா ரெண்டு கதவு இருக்கு, ரெண்டையும் ஒரே நேரத்துல தட்டலாம். கிரிமினல்னா மாஜிஸ்திரேட் கோர்ட்ல தனிநபர் புகார், அதுக்கு 3 வருஷ காலக்கெடு. சிவில்னா மானநஷ்ட வழக்கு, அதுக்கு ஒரே ஒரு வருஷம். இந்த ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டவங்க எத்தனை பேர்! பங்காளிகள் பேசித் தீர்க்குறோம், சித்திரை போகட்டும், படைப்பு போகட்டும்னு தள்ளித் தள்ளி பதினாலாவது மாசம் வந்து நிப்பாங்க. சிவில்ல கேக்குற தொகைக்கு ஏத்த மாதிரி கோர்ட் ஃபீஸ் கட்டணும், தமிழ்நாட்டுல 2017-ல அதை ஏழரை சதவீதத்துல இருந்து 3 சதவீதமாக் குறைச்சாங்க. அப்பவும் 10 லட்சம் கேட்டா 30,000 ஆயிடும், அதனால சும்மா கோடி ரூபாய்னு எழுதச் சொல்லாதீங்க.

எந்தக் கோர்ட்டுன்னா, காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்னு உங்க ஏரியாவுக்கு ஏத்த மாதிரி. கோனாபட்டு, ராயவரம் பக்கம்னா அது புதுக்கோட்டை மாவட்டம், செட்டிநாடுதானேன்னு காரைக்குடியில கொண்டு வந்து குடுக்காதீங்க.

கிரிமினல் புகார்ல வழக்கு எப்படி நகரும்னா: புகார் மனு ஃபைல் பண்ணி, மாஜிஸ்திரேட் முன்னாடி சத்தியம் பண்ணி வாக்குமூலம் குடுக்கணும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 223-ல ஒரு மாற்றம் வந்துருக்கு, எதிராளிக்கும் பேச வாய்ப்புக் குடுத்துட்டுத்தான் கோர்ட் கேஸை எடுத்துக்கணும். அப்புறம் சம்மன், அப்புறம் சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை. குறுக்கு விசாரணையில உங்களைப் பத்தியும் தோண்டுவாங்க, ஆச்சியா இருந்தா "உங்க மேல இதுக்கு முன்னாடி புகாரே வந்ததில்லையா?"ன்னு கேப்பாங்க. பதில் தயாரா இருக்கணும். வருஷக்கணக்குல ஓடும், அதைச் சொல்லாம விட்டா நான் ஏமாத்துன மாதிரி ஆயிடும்.

செலவுக்குப் பயந்து விட வேண்டாம். இலவச சட்ட உதவி அவதூறு கேஸுக்கும் கிடைக்குமான்னு 15100-க்குக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க, கோர்ட்லயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு. அந்த உதவி கிடைக்கிற கேஸ்ல பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னே பாக்காம வக்கீல் வச்சுக் குடுப்பாங்க.

உங்க மேல நோட்டீஸ் வந்தா

பயப்படாதீங்க, ஆனா கிழிச்சும் போடாதீங்க. இது ஜாமீன்ல விடக்கூடிய குத்தம், போலீஸ் வந்து தூக்கிட்டுப் போற விஷயம் இல்ல. ஆனா சம்மனுக்குப் போகாம இருந்தா பிடிவாரண்டு வரும், அதுக்கப்புறம் போலீஸ் வரத்தான் செய்யும். நோட்டீஸ்ல சொல்லியிருக்கிற தேதிக்குள்ள பதில் குடுங்க. உங்ககிட்ட ஆதாரம் இருந்தா, பில்லு, படம், நீங்க அனுப்புன புகார் மெயில் எல்லாத்தையும் அன்னைக்கே ஒரு ஃபைல்ல போடுங்க. போஸ்டை அழிக்கிறதா இருந்தா முதல்ல முழுசா ஒரு காப்பி எடுத்துட்டு, வக்கீலைக் கேட்டுட்டு அழிங்க. கேஸே பொய்யின்னு தெரிஞ்சா மதுரை கிளையில ரத்து மனு போடலாம், இப்ப அதுக்கு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல செக்‌ஷன் 528.

வெளிநாட்டுல இருந்து போட்டாலும் தப்பிச்சோம்னு இருக்க முடியாது. இந்தியக் குடிமகன் எங்க இருந்து செஞ்சாலும் நம்ம சட்டம் பொருந்தும், ஆனா வெளிநாட்டுல நடந்த குத்தத்தை இங்க விசாரிக்க மத்திய அரசு அனுமதி வேணும். இன்னொண்ணு, நம்ம ஐயாக்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ண, போன ஊர்ல எல்லாம் இதே வெள்ளைக்காரன் சட்டம்தான் போச்சு, சிங்கப்பூர், மலேசியா தண்டனைச் சட்டத்துல இன்னைக்கும் அவதூறு செக்‌ஷன் நம்பர் 499 தான். இலங்கையில மட்டும் 2002-ல கிரிமினல் அவதூறை எடுத்துட்டாங்க.

சமாதானம்

அவதூறு கேஸ் எந்த நேரத்துலயும் பாதிக்கப்பட்டவர் ஒத்துக்கிட்டா ராசியாப் போகலாம். தீர்ப்புக்கு முதல் நாள் கூட. ஆனா வாயால முடிச்சுட்டு வராதீங்க, எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு கோர்ட்ல தாக்கல் பண்ணணும். மன்னிப்பு எப்படி இருக்கணும்னா, என்ன சொன்னேன், அது உண்மை இல்ல, திரும்பப் பெறுறேன், இந்த மூணும் இருக்கணும். "யார் மனசாவது புண்பட்டிருந்தா"ன்னு வர்ற மன்னிப்பை வாங்கிக்காதீங்க.

ஆச்சி விஷயம் நோட்டீஸோட முடிஞ்சுது. போட்டவங்களும் தெரிஞ்சவங்கதான், யாரோ சொன்னதைக் கேட்டுப் பேசிட்டாங்க, அவங்க பிள்ளைகளே கூட்டிட்டு வந்தாங்க. பணம் எதுவும் வேண்டாம்னு ஆச்சி சொல்லிட்டாங்க. ஆனா ஒரு விஷயத்துல விட்டே குடுக்கல. "எழுதிப் போட்டா யாரும் படிக்க மாட்டாக தம்பி, கெடுத்தது வாயாலதான், அதனால அதே குரல்ல, அதே குரூப்ல பேசிப் போடணும்"னாங்க. எங்க ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து மூணு தடவை ரெக்கார்டு பண்ணி, மூணாவதைப் போட்டாங்க. பேரனைக் கூப்பிட்டு ஆச்சி கேட்டாங்க, இதை மேல ஒட்டி வைக்க முடியுமான்னு. பின் பண்ணலாம் ஆயா, 24 மணி நேரம், 7 நாள், 30 நாள்னு கேக்குது, எதுன்னான்.

"முப்பது போடு. அடுத்த முகூர்த்தம் வரைக்கும் இருக்கட்டும்."